வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் வரலாற்று ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களே,

வணக்கம். பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகளை நேரே ஜலகண்டேசுவரர் கோயிலுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் கோட்டை வாசலிலேயே நிறுத்துங்கள். 1806 ஜூலை 10 அன்று, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்து எழுந்த அதன் இந்தியச் சிப்பாய்கள் தோற்ற இடம் இதுதான்.

தலைப்பாகையால் வந்த கலகம் என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டாம். 1805 நவம்பர் உத்தரவில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், வெள்ளைக்காரர் தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம். அந்தத் தோல் பசுவுடையதா, பன்றியுடையதா? இந்தச் சந்தேகம் இந்து, முஸ்லிம் இருவரையும் சேர்த்தே சுட்டது. மே மாதம் அணிய மறுத்தவர்களுக்குக் கசையடிதான் கிடைத்தது. கொழுப்புத் தடவிய தோட்டாவை இங்கே சேர்த்துவிடாதீர்கள், அது 1857 கலகம்.

அதிகாலையில் சிப்பாய்கள் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரரின் 69ஆவது படையின் குடியிருப்பைச் சுட்டார்கள். 14 அதிகாரிகளும் அந்தப் படையின் 115 பேரும் இறந்தார்கள். திப்புவின் மைசூர்க் கொடி ஏறியது. கோட்டை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. ஆனால் பலர் பொருள் அள்ளப் போய்விட்டார்கள். வாசலுக்கு மேலே மதிலில் ஒண்டியிருந்த வெள்ளைச் சிப்பாய்களை யாரும் விரட்டவில்லை. வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் மூலம் ஆற்காட்டுக்குச் சேதி போக, சுமார் 25 கி.மீ. தொலைவைக் கடந்து அங்கிருந்த ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். மதில்மேல் இருந்தவர்கள் கயிறு விட்டு அவரை மேலே தூக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த உயரத்தைப் பார்த்தால் விளங்கும். பின்னால் வந்த பீரங்கி உள்வாசலைத் தகர்க்க, குதிரைகள் புகுந்தன. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

பிறகு நடந்ததையும் மறைக்க வேண்டாம். கோட்டைக்குள் இருந்த மாளிகையில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டதைக் கும்பெனிப் பொறியாளர் பிளாக்கிஸ்டனே எழுதிவைத்திருக்கிறார்.

எல்லாம் கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மகன்கள் செய்த சதி என்பது கும்பெனிக்கு வசதியான விளக்கம். அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள், சரி. ஆனால் சென்னை கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் ஏன் திரும்ப அழைத்தார்கள்? தலைப்பாகை உத்தரவை ஏன் கைவிட்டார்கள்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

திரும்பும்போது மக்கான் பகுதி நினைவுத் தூண் அருகே வண்டியை நிறுத்துங்கள். கலகம் செய்து, பின்னர் கலைக்கப்பட்ட மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களின் எண்களையும் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்: முதல் ரெஜிமெண்டின் 1ஆம், 2ஆம் பட்டாளங்கள், 23ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாளம்.

அன்புடன்,
கோட்டையை நேசிக்கும் வேலூர்க்காரர்கள்