சுருக் வேறு, விண்விண் வேறு

ஆசிரியருக்கு, வணக்கம்.

சிசேரியன் வலி நிவாரணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, முதுகுத்தண்டில் மார்ஃபின் போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும் என்கிறது. பல வருஷம் மயக்க மருந்து கொடுத்தவள் என்ற முறையில் ஒரு திருத்தம்.

மரத்துப்போக வைப்பது கூடவே போடும் புபிவகைன் என்ற மரப்பு மருந்து. அது எல்லா நரம்பு நார்களையும் அடைக்கும். சில மணி நேரத்தில் விலகும், கால் அசையும். மார்ஃபின் அப்படியில்லை, ஆள் பார்த்து வேலை செய்யும்.

வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி. அப்புறம், விரலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, விண்விண்ணென்று இன்னொன்று. முதலாவது ஏ-டெல்டா நார்கள் வழியாக நொடிக்கு 5 மீட்டருக்குக் குறையாமல் ஓடிவருவது. இரண்டாவது சி நார்களில் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டாமல் ஊர்ந்து வருவது. தொடு உணர்வுக்குத் தனியாக ஏ-பீட்டா நார்கள் இருக்கின்றன.

மார்ஃபின் போய் ஒட்டும் ஏற்பிகள், தண்டுவடத்தில் சி நார்கள் வந்து முடியும் நுனிகளில் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே ஒட்டியதும் கால்சியம் உள்ளே போவது குறையும். வலிச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட்டும் குறைவாகவே வெளிவரும். அதனால் விண்விண் நன்றாக அடங்கும், சுருக் ஓரளவுக்குத்தான். வழக்கமான அளவில் தொடு உணர்வு அப்படியே இருக்கும். தசையில் 10 மில்லிகிராம் போடும் மருந்தில் இங்கே 0.1 மில்லிகிராமே போதும். மருந்து தண்டுவடத்திலேயே நேரடியாக வேலை செய்வதை 1976-ல் யாக்ஷ், ரூடி என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். 1979-க்குள் மனிதர்களுக்கும் வந்துவிட்டது.

மறுநாள் காலை வார்டுக்குப் போனால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சும்மா படுத்திருந்தா வலியில்லை டாக்டரம்மா, இருமினாத்தான் சுருக்குங்குது. மருந்து இறங்கிடுச்சா?" போர்வைக்கடியில் கால் விரல்கள் ஆடும், பஞ்சு பட்டால் தெரியும். ஆனால் கேட்டுக்கொண்டே மூக்கைச் சொறிவார் பாருங்கள், அந்த அரிப்பு மார்ஃபின் செய்வது. இருமல் வலிக்குப் பாராசிட்டமாலும், வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணையும் கொடுப்போம்.

இதற்குப் போய்க் கடிதமா என்று நினைக்காதீர்கள். கால் அசைந்தால் மருந்து தீர்ந்தது என்று நம்பி, பாட்டியின் தூக்க மாத்திரையில் ஒன்றைக் கொடுக்கப்போன உறவினரை நான் பார்த்திருக்கிறேன். முதுகில் போட்ட மார்ஃபின் பல மணி நேரம் கழித்தும் மூச்சை மந்தமாக்கக்கூடும், தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து. நர்ஸ் நடுராத்திரியில் வந்து மூச்சை எண்ணுவது அதனால்தான்.

— ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர், மதுரை