என்னடா நடக்கணும்?

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

"தினமும் தியானத்தில் உட்காருகிறேன், ஒரு மண்ணும் நடக்கவில்லை, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். என்னடா நடக்கணும்? தலைக்குப் பின்னால் ஒளிவட்டமா?

தாங் காலத்துச் சீனாவில் ஜென் துறவி ஜாவோஜோ தன் குரு நான்சுவானிடம் வழி எது என்று கேட்டார். அன்றாட மனமே வழி என்றார் குரு. அப்போ அதை நோக்கிப் போகட்டுமா? போக முயன்றால் விலகிப்போவாய்! படித்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. பரீட்சை ரிசல்டுக்குக் காத்திருப்பவன் மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அந்த முகம்.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனவர் ஜப்பானின் ஜென் குரு பாங்கேய் (1622–1693). இளமையில் உட்கார்ந்து உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டு சாவின் விளிம்புவரை போனவர். அதனாலோ என்னவோ, பிறகு தன்னிடம் வந்தவர்களை அந்தப் பாடு படுத்தவில்லை. என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே காகம் கத்தினால், நினைக்காமலே அது காகம் என்று தெரிகிறதே, யாரும் உண்டாக்காமல் இயல்பாகவே இருக்கும் அந்தப் 'பிறவாத மனமே' புத்த மனம் என்பார். இப்போது மாடியில் யாரோ சுவரில் துளை போடுகிறார்கள். சத்தம் பாட்டுக்குக் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமையுமா?" என்ற வசனம்தான் நான் சேர்த்தது.

"அப்போ சேகரோட கோபமும் புத்த மனம்தானா?" என்றான் நண்பன் தாடி. சிரித்தேன், ஆனால் கேள்வி உறுத்துகிறது. எல்லாம் புத்த மனமென்றால் எதையும் செய்துவிட்டுச் சாக்குச் சொல்லலாமே. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீனத் துறவி ஜோங்மி இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். பிறவியிலேயே முன்கோபி என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் பாங்கேய், எங்கே, இப்போது காட்டு என்றாராம். காட்ட முடியவில்லை. அப்படியானால் அது கூடப் பிறந்ததில்லை, சமயம் வரும்போது நீயே உண்டாக்குவது என்றார். சாமர்த்தியமான பதில்தான், ஆனால் கோபம் வந்துவிட்ட பிறகு?

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனிடம் கத்தினாயே, பாதி வாக்கியத்தில் உன் குரல் இறங்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. உனக்கே தெரிந்தது, கத்திக்கொண்டிருக்கும்போதே. நீ கண்ணை மூடித் தேடுவது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உட்காருவதை விடாதே. அண்ணனிடம் பேசினாயா இல்லையா, அதை முதலில் எழுது.

உன்,
ரவி