ஜெனிக்கு, நெல்லித்தோப்பிலிருந்து அம்மா

அன்பு மகள் ஜெனிக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது பரவாயில்லை.

எம்.டி. முடித்ததும் ஜார்க்கண்டில் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவதா, நாங்கள் பார்த்த வரனுக்குச் சம்மதம் சொல்வதா என்று கேட்டிருக்கிறாய். கூடவே "இதில் எதும்மா பெரிய தியாகம்?" என்றும். அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்துகிறது.

போன ஞாயிறு பூசையில் சாமியார் புனித ஜியான்னா பெரட்டா மோல்லாவைப் பற்றிப் பேசினார். உனக்குத் தெரிந்த கதைதான். இத்தாலியில் குழந்தை மருத்துவர். 1961இல் நாலாவது பிள்ளையைச் சுமந்தபோது கர்ப்பப்பையில் கட்டி. கர்ப்பப்பையையே எடுத்திருந்தாலும் திருச்சபை குற்றம் சொல்லியிருக்காது. கட்டியை மட்டும் எடுங்கள், பிள்ளை இருக்கட்டும் என்றார். 1962 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு முந்தின நாளான பாஸ்கா சனியன்று மகள் பிறந்தாள். ஒரே வாரத்தில் தாய் போய்விட்டார், 39 வயதில். பிரசங்கமும் அதோடு முடிந்தது. எல்லாப் பிரசங்கமும் அந்தக் கடைசி வாரத்தையே பிடித்துக்கொள்கிறது!

அதற்கு முந்தைய வருஷங்கள்தான் உனக்கு வேண்டியவை. அவருக்கும் மிஷனுக்குப் போகத்தான் ஆசை. கப்புச்சின் துறவற சபைச் சாமியாரான அண்ணன் பிரேசிலில் இருந்தார், அவரும் டாக்டர். ஜியான்னாவும் அங்கே போய்ச் சேர நினைத்தார், உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1955இல் ஓர் என்ஜினியரைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் மெசெரோ ஊரில் தன் கிளினிக்கை விடவில்லை. பனிச்சறுக்கு என்றால் உயிராம், நல்ல உடை உடுத்தவும் பிடிக்குமாம். எதை விட்டால் மோட்சத்தில் மார்க் கூடும் என்று கணக்குப் பார்த்தவராக எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணமே வேண்டாம் என்றிருந்த நேப்பிள்ஸ் டாக்டர் மோஸ்காத்தியும் புனிதர்தான். ஏழைகளின் மருந்துச் சீட்டோடு பணத்தையும் மடித்து வைப்பாராம். 1927இல் ஒருநாள் காலையில் பூசை கண்டு, நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். இரண்டு பேருக்கும் கடவுள் கொடுத்த அழைத்தல் வேறு வேறு, அவ்வளவுதான்.

அப்புறம், நைட் டியூட்டியில் பட்டினி கிடந்துவிட்டு அதைக் கடவுளுக்காக உடம்பை வருத்தும் ஒறுத்தல் என்று சொல்லாதே. நோயாளியை விட்டு வர முடியாமல் ஞாயிறு பூசை தவறினால் அது பாவமும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரே அதைச் சொல்வார்.

லீவு கிடைத்ததும் ஜார்க்கண்டுக்கு ஒரு மாதம் போய் இருந்து பார். அந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் பார், கஷ்டமாக இருக்கிறதா என்று பார்க்காதே. மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். காத்திருக்க முடியாது என்றால் வேறு இடம் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா