சுற்றுமதில் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயில் விமான வர்ணப்பூச்சும் மின்வேலையும் குறையின்றி முடிந்தன. விளக்கம் கேட்கப்படுவது கிழக்கு மதிலுக்கு: எந்த மண்ணில் செய்த கல், செலவு ஏன் கூடியது என்று.

“சயனைடு மேட்டு மண்ணைக் கோயிலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்” என்ற பேச்சு உரிகம் முதல் மாரிக்குப்பம் வரை பரவியிருக்கிறது. நம் கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸை, அதாவது தங்கச் சுரங்கத்தை, மூடினார்கள். பாறையை அரைத்துச் சயனைடால் தங்கம் பிரித்த பின் மிஞ்சிய 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட மண்ணை நம் தலைமாட்டில் மேடாக விட்டுப் போனார்கள். காற்றடி காலத்தில் அது நம் சோற்றுத் தட்டில்தான் விழுகிறது. உரிய அனுமதியோடு அதைக் கொஞ்சமேனும் சுட்டுச் செங்கல்லாக்கி மதில் கட்டியதில் குழுவுக்குப் பெருமையே.

கோலார் தங்கவயலில் இயங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இம்மண்ணோடு கரிசலும் செம்மண்ணும் கலந்து 750 முதல் 950 டிகிரி வரை சுட்டுப் பார்த்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அரைத்த பாறைத் தூளுக்குப் பசை கிடையாது. களிமண் சேர்ந்தால்தான் அச்சில் நிற்கும். சயனைடு சூளைச் சூட்டில் சிதைந்துவிடும். இம்மண்ணிலுள்ள இன்னொரு நஞ்சான ஆர்சனிக் அப்படியல்ல. அதனால்தான் கல்லைப் பொடித்து ஊறவைத்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகே கட்டினோம். மடப்பள்ளிக்கும் கிணற்றுக்கும் ஒரு கல்கூடப் போகவில்லை.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். முதல் லோடு கல் தட்டினால் கணீரென்றது. இரண்டாம் லோடு மொத்தென்றது; நகத்தால் சுரண்டினால் உள்ளங்கையில் சாம்பல்நிறத் தூள் கொட்டியது. களிமண்ணைக் குறைத்து, விறகையும் மிச்சம் பிடித்திருந்தார். 3 கிலோ கல்லை 24 மணி நேரம் ஊறவைத்து நிறுத்தோம்: 3 கிலோ 750 கிராம். இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரணச் செங்கல் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது. இது 25 குடித்தது. லோடு முழுவதையும் திருப்பினோம், பாக்கியை நிறுத்தினோம். குழு கமிஷன் கேட்டதாக அவர் வீடுவீடாகச் சொன்னார். கேட்டதற்கு ஒரு சாட்சியைக் கொண்டுவரட்டும். வேறு சூளை, இரட்டை வண்டிச் சத்தம், மழையில் நின்ற வேலை: செலவு கூடியது இவற்றால்தான். அந்தக் கல்லில் கட்டியிருந்தால் மதில் இரண்டு மழை தாங்காது.

சாம்பியன் ரீஃப் லைன் வீட்டு மகளிர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள், தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகள், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி வணிகர்கள், ஆண்டர்சன்பேட்டை அன்பர்கள், கூலி வாங்காமல் கல் சுமந்த இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி. ஒருவர் விடாமல் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன.

கணக்கேடு அலுவலகத்தில் இருக்கிறது. மிஞ்சிய கற்கள் வடக்கு வாசலருகே அடுக்கப்பட்டுள்ளன. ஐயமுள்ளவர்கள் எடுத்துப்போய் ஊறவைத்து நிறுத்துப் பார்க்கலாம். நிறுத்திவைத்த பாக்கியைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

செயலாளர்,
திருப்பணிக் குழு