ஊசி ஒரு நாள், ஓய்வு ஒரு வருடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குதிரைகளின் கால் காயத்துக்கு ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல், ஊசியாகப் போடும் சிகிச்சை பற்றி ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஊசி போட்டதும் குதிரை எழுந்து ஓடிவிடும் என்பதுபோல எழுதியிருந்தது, லாயத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு உறுத்தியது.

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார். பேச்சில் நமக்கு இரண்டுமே நரம்புதான். குதிரைக்கு முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சொல்லும்படி தசையே கிடையாது, மொத்த எடையும் இந்த நாண்களில்தான் தொங்குகிறது. நாலுகால் பாய்ச்சலில் போகும்போது பின்பக்கத்து நாண் தன் நீளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் இழுபட்டுச் சுருங்கும், அதன் நடுவில் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பெரும்பாலும் நடுப்பகுதிதான் முதலில் நைகிறது. வெளியே பார்த்தால் லேசான வீக்கம், தொட்டால் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். ஸ்கேனில் உள்ளே கறுப்பாக ஒரு ஓட்டை தெரியும். காலம் போனால் ஆறிவிடும், ஆனால் தழும்பாகத்தான் ஆறும். தழும்புக்குப் பழைய நாண் மாதிரி இழுபட்டுக் கொடுக்கத் தெரியாது, அதனால் அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி கிழிகிறது.

ஸ்டெம் செல் வருவது இங்கேதான். குதிரையின் நெஞ்செலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ மஜ்ஜையை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, ஒரு கோடி செல் அளவுக்குப் பெருக்கி, ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்த ஓட்டைக்குள் செலுத்துகிறார்கள். வால் தொடங்கும் இடத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பதும் உண்டு. பிரிட்டனில் பந்தயக் குதிரைகளுக்குச் செய்து பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 113 குதிரைகளில் கால்வாசிக்குச் சற்று அதிகமானவைதான் மீண்டும் அடிபட்டன. வேறு சிகிச்சை பெற்றவற்றில் பாதிக்கு மேல் அடிபட்டதாக அதற்கு முந்தைய ஆய்வுக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை என்பதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். இன்னொன்று, உள்ளே போன செல்கள் எல்லாம் புது நாணாக மாறிவிடுவதில்லை. பெரும்பகுதி சில நாளிலேயே காணாமல் போய்விடுகிறது. இருக்கும் கொஞ்ச நேரத்தில் வீக்கத்தை அடக்கி, அங்கே ஏற்கெனவே இருக்கிற செல்களை வேலை செய்யத் தூண்டுகின்றன என்றுதான் இப்போது பொதுவாக நினைக்கிறார்கள்.

அப்புறம் இருப்பது முழுக்கப் பொறுமை. கயிற்றில் பிடித்து நடத்துவதில் ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டி, இடையிடையே ஸ்கேன் எடுத்து, முழு ஓட்டத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். நான் பார்த்துக்கொண்ட ஒரு பெண் குதிரை இந்த ஊசி போட்ட ஐந்தாவது மாதமே நொண்டாமல் நடந்தது, வீக்கமும் இல்லை. உரிமையாளருக்கு அவசரம், நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். ஓட விட்ட மூன்றாம் நாள், பழைய இடத்துக்குச் சற்று மேலே கிழிந்தது. அதோடு அதன் ஓட்டம் முடிந்தது. ஊசியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முன்பெல்லாம் இதே காயத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவார்கள், குதிரை தேறியதும் சூட்டால்தான் என்பார்கள். 1980-களில் பிரிட்டனில் ஒப்பிட்டுப் பார்த்தபோது சூட்டால் பலன் இல்லை என்று தெரிந்தது. சூடு போட்டபின் பல மாதம் சும்மா கட்டிவைத்திருந்தார்களே, அதுதான் தேற்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லாக் காயத்துக்கும் இது பொருந்தாது என்பதும் கட்டுரையில் இல்லை. நாணின் நடுவில் ஓட்டை இருந்து, சுற்றுப்புறம் கிழியாமல் இருந்தால்தான் செலுத்தியது உள்ளே தங்கும். ஓரம் கிழிந்திருந்தால் வெளியே கசிந்துவிடும். தழும்பு கெட்டிப்பட்ட பிறகு செய்வதிலும் பெரிய பயன் இல்லை, அதனால் அடிபட்ட முதல் வாரங்களிலேயே ஸ்கேன் எடுத்து முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை எழுதும்போது, ஊசி போடும் படத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மாதம் கயிற்றில் மெதுவாக நடந்துகொண்டிருக்கும் குதிரையின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய குதிரைக்காரன் ஒருவன்