சாசருக்கு முன்னாலிருந்து தொடங்குங்கள்

இளங்கலை ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கில இலக்கிய வரலாறு நடத்தும் ஆசிரியை நான். இந்தத் தாளைப் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிலிருந்து தொடங்குவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவர் இறந்தது 1400இல். அதற்கு முன்னாலேயே ஏறத்தாழ எழுநூறு ஆண்டு இலக்கியம் இருக்கிறது.

இங்கிலாந்தின் விட்பி மடத்தில் மாடு மேய்த்த கேட்மனிலிருந்து தொடங்கலாமே. விருந்தில் யாழ் தன் பக்கம் வருவதைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாராம், பாட வராது என்று. பிறகு கனவில் ஒரு குரல் கேட்டுப் பாடினார் என்று 731இல் முடித்த தன் வரலாற்று நூலில் பீட் என்ற துறவி எழுதுகிறார். பெயர் தெரிந்த ஆங்கிலக் கவிஞர்களில் இவரே முதல்வர். அவருடையதாக நமக்கு எஞ்சியிருப்பது ஒன்பதே அடிகள். அவற்றில் இயைபு கிடையாது, அடியைக் கட்டுவது மோனைதான். பள்ளியிலேயே மோனை படித்த நம் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான வாசல் வேறு எது?

அப்புறம் பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கில வீரகாவியம். 3182 அடிகள், ஒரே ஒரு கையெழுத்துப் படி. அதுவும் 1731இல் லண்டனில் ஏற்பட்ட தீயில் ஓரங்கள் கருகித் தப்பியது.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்றதும் அரசவை பிரெஞ்சுக்கு மாறியது. கல்விக்கும் திருச்சபைக்கும் லத்தீன். சாசரின் நண்பர் ஜான் கோவர் பிரெஞ்சு, லத்தீன், ஆங்கிலம் என மூன்றிலும் பெரிய நூல்கள் எழுதினார். அந்தச் சூழலில் ஆங்கிலத்தையே நம்பி எழுதியவர் சாசர். முன்கதை தெரியாத மாணவருக்கு இதன் துணிச்சல் எப்படிப் புரியும்? ‘ஆங்கிலக் கவிதையின் தந்தை’ என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பின்னால் வரும் காலங்களையும் இப்படிக் காரணத்தோடு சொல்லலாம். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுக்குப் பின், 1623இல், 36 நாடகங்கள் ஒரே தொகுப்பாக வந்தன. அதற்குமுன் அச்சேறாதிருந்த மேக்பெத் அதனால்தான் பிழைத்தது. 1642இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன. 1660இல் மீண்டும் திறந்தபோது மேடையில் நடிக்கப் பெண்கள் வந்தார்கள், சில ஆண்டுகளில் அஃப்ரா பென் என்ற பெண் நாடகாசிரியர் எழுதியே பிழைத்தார். தேர்விலோ நாம் ஆண்டையும் ஆசிரியரையும் பொருத்தச் சொல்கிறோம்.

அடுத்த திருத்தத்தில் கேட்மனின் ஒன்பது அடிகளை மூலத்தோடு முதல் அலகில் சேருங்கள். பொருத்துக வினாக்களைக் குறைத்து, ‘ஏன்’ என்று கேட்கும் வினாக்களைக் கூட்டுங்கள். நேரம் போதாதென்றால், பதினெட்டாம் நூற்றாண்டுச் சிறுகவிஞர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை