மாலை ஆறு மணி வகுப்புக்கு

அன்புள்ள கண்ணு,

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கப்போகிறாய் என்று கேட்டதில் ரொம்ப சந்தோஷம். ஒரு வகுப்புக்கு ஆறு பேரோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு நோட்டையும் கையில் வாங்கிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் பத்தாது. நோட்டைப் பார்க்கத்தான் டியூஷன். பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

முதல் நாள் எதுவும் நடத்தாதே. காலாண்டு விடைத்தாளைக் கொண்டுவரச் சொல். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தப்பு எந்த வரியில் ஆரம்பிக்கிறது என்று பார். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே இருக்கிற எல்லா உறுப்புக்கும் குறி மாற வேண்டும். முதல் உறுப்புக்கு மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை அழகாகச் செய்து முடித்திருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதத்தை முதலிலிருந்து நடத்துவது வீண். அந்த மாதிரிக் கணக்காகத் தினம் ஐந்து கொடு, போதும்.

தேர்ச்சிக்கே திணறும் பிள்ளையோடு புத்தக வரிசையில் போகாதே. மாநிலப் பாடத்திட்டத்து 100 மதிப்பெண் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த 16, தேர்ச்சிக்கு வேண்டிய 35இல் ஏறக்குறையப் பாதி. இரண்டும் கைப்பழக்கம்தான். இங்கே ஆரம்பித்தால் "எனக்கும் கணக்கு வரும்" என்ற தைரியம் அந்தப் பிள்ளைக்கு முதல் மாதமே வந்துவிடும்.

அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரையும் கணக்கில்தான் அதிகம் தடுக்கும். அடிப்பக்கத்தின் இடது முனையில், கீழ்ப்பக்கமாக, உச்சிக்கோண அளவில் ஒரு சாய்கோடு. அதே முனையில் அந்தச் சாய்கோட்டுக்கு 90 பாகையில் மேல்நோக்கி இன்னொரு கோடு. இதுவும் அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் வெட்டும் புள்ளிதான், முக்கோணத்தின் மூன்று முனையும் அமைகிற வட்டத்தின் மையம். பிள்ளைகள் 90 பாகையைச் சாய்கோட்டிலிருந்து அளக்காமல் அடிப்பக்கத்திலிருந்து அளந்துவிடுவார்கள். அப்படிப் போட்டால் அந்தக் கோடும் மையக்குத்துக்கோடும் இணையாகிவிடும், எங்கேயும் வெட்டாது. "மையம் வரலை சார்" என்று புள்ளியைக் குத்துமதிப்பாக வைப்பார்கள். நீ அழித்துத் திருத்தாதே. பாகைமானியை எந்தக் கோட்டின் மேல் வைத்தாய் என்று மட்டும் கேள், தானே கண்டுபிடிப்பார்கள். அளவுகளைக் குறித்து வெறுங்கையால் போடும் உதவிப்படம் இல்லாமல் யாரையும் தொடங்கவிடாதே.

வரைபடத்தில் சிக்கல் அட்டவணையில் இருக்கும். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 12 என்று எடுத்துக்கொள். எக்ஸ் -3 ஆனால் அதன் வர்க்கம் 9. பிள்ளை -9 என்று எழுதியிருந்தால் -6 வர வேண்டிய இடத்தில் -24 வரும், வளைவரையின் இடது கை மேலே ஏறாமல் கீழே சரியும். படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று, இங்கே -1க்கும் 0க்கும் ஒரே மதிப்பு, -12. அந்த இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்துத் தட்டையாக இணைப்பார்கள். நடுவில் -12.25 வரை இறங்கி ஏற வேண்டும், அதுவும் வெறுங்கையால். அளவுத்திட்டத்தைப் புள்ளி வைப்பதற்கு முன்பே எழுதப் பழக்கு. கடைசியில் என்றால் மறந்துவிடும்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்: நேற்றைய வீட்டுக்கணக்குக்கு 15 நிமிடம், புதுசுக்கு 25. மிச்சம் 50 நிமிடமும் அவர்கள் போட வேண்டும், நீ சுற்றிவர வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, ஆறு தலையும் ஆடும். அடுத்த வரியை எழுதச் சொல். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து நேராகப் பசியோடுதான் வருவார்கள், கொஞ்சம் சுண்டலோ வேர்க்கடலையோ வைத்திரு. இந்த வயசுக்கு ரோஷம் அதிகம். ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் காதில் விழும்படி சொல்லாதே.

கட்டணத்தை மாதம் 5ஆம் தேதிக்குள் என்று முதலிலேயே பேசிவிடு. பெற்றோரிடம் "நல்லா படிக்கிறான்" என்று பொதுவாகச் சொல்லாமல், "வரைபடம் தனியாகப் போடுகிறான், முக்கோணவியல் இன்னும் தொடங்கவில்லை" என்று சொல். சென்டம் வாங்க வைக்கிறேன் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே.

முதல் வாரம் அவர்கள் வரைந்த முக்கோணங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. யார் யார் 90 பாகையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா